ஏழாம் கேள்விக்கு அச்சடித்த பதில்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: எதிர்வரும் வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி முதல் பன்னிரண்டு மணி வரை, பள்ளி நூலக அறையில், விளையாட்டு விழாவில் பங்குபெறும் நூற்று எண்பத்தாறு மாணவ மாணவியரின் கண், காது, மூட்டு, நுரையீரல், இதயம் ஆகியன முழுமையாகப் பரிசோதிக்கப்படும்.

கணக்குப் போட்டால் தலைக்கு ஐம்பத்தெட்டு விநாடி வருகிறது. அறிவிப்பில் கணக்கு இல்லை. ‘முழுமையாக’ என்ற சொல்லின் கீழே ஒரு கோடு மட்டும் இருந்தது.

கோடு போட்டவர் பள்ளியின் தலைமை எழுத்தர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் சுற்றறிக்கை. வீட்டில் குழம்புக்கு உப்புக் குறைந்தாலும் மனுஷன் ‘மேற்படி விஷயம் தொடர்பாக’ என்றுதான் வாயைத் திறப்பார் என்று அவர் மனைவியே அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த வருடம் அவர் ஒரு சீர்திருத்தம் செய்திருந்தார். பரிசோதனைக்கு முன் பெற்றோர் நிரப்பித் தர வேண்டிய படிவம் ஒன்று உண்டு, பத்துக் கேள்வி. போன வருடம் அதை வெறுமனே அனுப்பியதில் பெற்ற துன்பம் கொஞ்சநஞ்சமல்ல. பாதிப் பேர் ‘ஆம்’ ‘இல்லை’ இரண்டையும் டிக் அடித்திருந்தார்கள். குடும்பத்தில் யாருக்காவது இதயக் கோளாறு உண்டா என்ற கேள்விக்கு ஒரு தகப்பனார், ‘மாமியாருக்கு இதயமே கிடையாது’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். எனவே இந்த வருடம் பத்துக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று எழுத்தரே அச்சடித்துக் கொடுத்துவிட்டார். பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும். நூற்று எண்பத்தாறு படிவமும் இரண்டே நாளில், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல், பெண் பார்க்க வந்தவர்கள் முன் உட்கார்ந்த குடும்பம் மாதிரி அடக்கமாகத் திரும்பி வந்தன. ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் எழுந்து நின்று பாராட்டினார்.

அதில் ஒரு படிவம் எழுத்தரின் வீட்டுக்கும் போயிருந்தது. அவருடைய மகள் எட்டாம் வகுப்பு. காலே முக்கால் உடம்பு, அதனால் பள்ளியில் அவள் பெயர் கொக்கு. நானூறு மீட்டரில் அவளுக்குப் பின்னால் வருகிறவர்கள் அவள் முதுகைப் பார்த்ததாகச் சொல்வதே பெருமை.

படிவத்தை முழுக்கப் படித்த ஒரே பெற்றோர் எழுத்தரின் மனைவிதான்.

“ஏங்க, ஏழாவது கேள்வியைப் பாத்தீங்களா? ‘குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் எவரேனும் திடீர் மரணம் அடைந்தது உண்டா?’”

“நான்தானே அடிச்சேன். எனக்குத் தெரியாதா?”

“அப்ப உங்க தம்பி?”

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருடைய தம்பி முப்பத்து நாலு வயதில் ஒரு காலை நேரம் பஸ்ஸைத் துரத்திப் பிடித்தான். படியில் உட்கார்ந்தான். நடத்துனர் டிக்கெட் கேட்டபோது உடம்பு மட்டும் இருந்தது, அவன் இல்லை. வெயில், வெறும் வயிறு, வேலைக் கவலை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அதன் பிறகு யாரும் அதைப் பேசவில்லை.

“குடும்பம்னா என்ன? நாம மூணு பேரு. அவன் தனிக் குடித்தனம்.”

“சாவுக்குக் கூடவா தனிக் குடித்தனம் பாப்பீங்க?”

“எல்லாருக்கும் ‘இல்லை’ன்னு போயிருக்கு. நம்ம வீட்டுக்கு மட்டும் தனியா ஒரு ஃபாரம் அடிக்கச் சொல்றியா? சிரிப்பாங்க.”

“நீங்க ஃபாரத்தைக் கட்டிக்கிட்டு அழுங்க” என்றுவிட்டு அவள் எழுந்து போனாள். எழுத்தர் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை நூலகத்தில் எல்லா ஏற்பாடும் பிரமாதமாக இருந்தது. மறைப்புத் துணி இல்லாததால் உலக வரைபடத்தைக் கம்பியில் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் பிள்ளைகளை நிறுத்தினார்கள். எடை மெஷின் ஆள் ஏறுவதற்கு முன்பே இரண்டு கிலோ காட்டியது. கண் பரிசோதனை அட்டையை ஆறு மீட்டர் தள்ளி மாட்ட இடமில்லாமல் மூன்று மீட்டரில் மாட்டியதால், அன்று காலை அந்தப் பள்ளியில் கண் சரியில்லாத பிள்ளை ஒன்றுகூட இல்லை.

ஒரே ஒரு பிசகு. வருடா வருடம் வரும் பெரிய டாக்டர் இந்த முறை வரவில்லை. அவர் தங்கமான மனிதர். தலைமையாசிரியர் அறையில் காபி குடித்தபடி படிவக் கட்டு முழுவதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவருக்குப் பதிலாக அனுப்பப்பட்ட பெண் டாக்டருக்கு முப்பது வயது இருக்கும். அவள் வந்ததும் காபி வேண்டாம் என்றாள். பிறகு ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினாள். எழுத்தர் அப்போதே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

வெளியே மைதானத்தில் அணிவகுப்பு ஒத்திகை. மேடையில் நின்று தலைமையாசிரியர் சல்யூட் வாங்கிக்கொண்டிருந்தார். முதல் சல்யூட்டில் கை கொஞ்சம் தாழ்ந்துவிட்டது என்று இரண்டாவது. இரண்டாவதில் வெயில் கண்ணில் பட்டது என்று மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் பேண்டு முழங்கியது.

“அந்த டிரம்மைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன். எனக்கு டிரம்தான் கேக்குது, நெஞ்சு கேக்கல” என்றாள் டாக்டர்.

“அஞ்சே நிமிஷம் டாக்டர், முடிஞ்சிரும்” என்றார் எழுத்தர். ஒன்பதரைக்கும் சொன்னார். பத்துக்கும் சொன்னார். பத்தே முக்காலுக்குச் சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. டாக்டர் இரண்டு டிரம் அடிக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் ஒவ்வொரு பிள்ளையின் இதயத்தையும் பிடித்தாள். பெருமழையில் ஒதுங்கி ஒதுங்கி வீடு சேர்கிறவள் மாதிரி.

பன்னிரண்டு மணி தாண்டியது. கடைசியாக நின்றது கொக்கு. எழுத்தர் மகளை வரிசையின் முன்னால் விட்டார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா.

அவள் வரைபடத்துக்குப் பின்னால் போனாள். ஐம்பத்தெட்டு விநாடி ஆயிற்று. இரண்டு நிமிடம் ஆயிற்று. சமுத்திரங்களுக்குக் கீழே அவளுடைய நீண்ட கால் இரண்டும் அசையாமல் தெரிந்தன.

“யாராவது போயி நிறுத்துங்க. இப்பவே. எனக்கு ஒரு நிமிஷம் சத்தமே இருக்கக் கூடாது” என்றது டாக்டரின் குரல்.

இருபத்திரண்டு வருடத்தில் எழுத்தர் ஓடி யாரும் பார்த்ததில்லை. மேடைக்குக் கீழே போய் விளையாட்டு வாத்தியாரின் காதில் மூச்சு வாங்கியபடி விஷயத்தைச் சொன்னார். வாத்தியாருக்கு மைக்கில் அதைச் சொல்ல ஒரே ஒரு வழிதான் தெரியும்.

“எல்லாரும் ஒரு நிமிடம் மௌனம்!”

பேண்டு நின்றது. அறுநூறு பிள்ளைகள் தலை குனிந்தார்கள். தலைமையாசிரியர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். யாருக்காக என்று ஒருவரும் கேட்கவில்லை. மைதானம் முழுக்க மயான அமைதி. அந்த அமைதியில் உள்ளே ஒரு பெண் ஒரு சிறுமியின் நெஞ்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எழுத்தர் திரும்பி வந்தபோது டாக்டர், “உட்காரு. எந்திரி. அப்படியே நில்லு” என்று சொல்லி மறுபடி கேட்டாள். கேட்டுவிட்டு ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

“ஓடும்போது எப்பவாவது மயங்கி விழுந்திருக்கியாம்மா?”

“இல்ல டாக்டர். ஃபாரத்துல இருக்கே.”

“ஃபாரத்தை விடு. உன்னைக் கேக்குறேன்.”

“விழல. ஒரே ஒரு தடவை கண்ணு இருட்டுச்சு. சும்மா உக்காந்தேன். விளையாட்டு சார் குளுக்கோஸ் குடுத்தாரு. வீட்ல சொன்னா ஓட விட மாட்டாங்கன்னாரு.” பிறகு அவசரமாக, “நாளைக்கு ஃபைனல் டாக்டர்” என்றாள்.

டாக்டர் படிவத்தில் தகப்பனார் பெயரைப் பார்த்துவிட்டு எழுத்தர் பக்கம் திரும்பினாள். “குடும்பத்துல சின்ன வயசுல திடீர்னு யாராவது தவறியிருக்காங்களா? ‘இல்லை’ன்னு இருக்கு. அது சரிதானே சார்?”

அதே நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் தொப்பியோடு உள்ளே வந்தார். “என்ன டாக்டர், யாரு போயிட்டாங்க?”

கொக்கு அப்பாவைப் பார்த்தாள். சித்தப்பாவின் படத்துக்குக் கீழேதான் அவள் தினமும் ஷூவைக் கழற்றி வைப்பாள். அவளுக்குத் தெரியும். வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினாள்.

எழுத்தரின் வாயில் ‘மேற்படி விஷயம் தொடர்பாக’ வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

“என் தம்பி” என்றார். “முப்பத்து நாலு. பஸ் பிடிக்க ஓடினான்.”

“அப்புறம் ஏன் சார் ‘இல்லை’ன்னு போட்டீங்க?”

“நான் போடலை. அச்சுலயே இருந்துச்சு.” சொல்லி முடித்ததும்தான் அச்சடித்தது யார் என்பது அவருக்கு நினைவு வந்தது.

டாக்டர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. ஒரு சீட்டில் எழுதினாள். ஸ்கேன் எடுத்து, இதய டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை இந்தப் பெண் ஓடக் கூடாது. பந்தயம் மட்டுமல்ல, பஸ் பிடிக்கக்கூட. “பயப்படாதீங்க. ஒண்ணும் இல்லாமலும் இருக்கலாம். ஆனா இந்தச் சத்தத்தை நான் விட்டுட்டுப் போக முடியாது.”

“நீங்கதானேப்பா கையெழுத்துப் போட்டீங்க!” என்றாள் கொக்கு. வந்த அழுகையில் ஷூவின் நாடாவை அவிழ்க்க முடியாமல் இழுத்து முடிச்சாக்கினாள். எழுத்தர் குனிந்து அவிழ்க்கப் போனார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

டாக்டர் மேசையில் இருந்த படிவக் கட்டை எடுத்து மேலிருந்து ஐந்தாறைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் ஏழாம் கேள்விக்கு நேரே அதே ‘இல்லை’. அதே எழுத்து, அதே மை.

“மத்த எல்லாருக்கும் இப்படித்தானா?”

“நேர விரயம் தவிர்க்கும் பொருட்டு…” என்று ஆரம்பித்த எழுத்தர் நிறுத்திக்கொண்டார்.

“இவ்வளவு பேரையும் டிரம்முக்கு நடுவுலதான் கேட்டிருக்கேன். எதை விட்டேன்னு எனக்கே தெரியல. கேள்வியாவது உண்மையா இருக்கணும். இன்னைக்கே ஒவ்வொரு வீட்டுலயும் மறுபடி கேளுங்க. ஒரு ‘ஆமா’ வந்தாலும் அந்தப் பிள்ளை நாளைக்கு ஓடக் கூடாது. எனக்கு ஃபோன் பண்ணுங்க, நம்பர் இந்தச் சீட்டுல இருக்கு.”

“கண்டிப்பா கேட்டுருவோம் டாக்டர்” என்றார் தலைமையாசிரியர். அந்தக் ‘கண்டிப்பா’வை எழுத்தர் இருபத்திரண்டு வருடமாக அறிவார்.

டாக்டர் அவரைப் பார்க்கவில்லை. எழுத்தரைப் பார்த்தாள். “நீங்க அனுப்பிடுவீங்கல்ல சார்?”

சொந்தத் தம்பியைச் சபையில் ஒப்புக்கொண்ட மனிதர் பொய் சொல்ல மாட்டார் என்று அவள் நினைத்திருக்க வேண்டும்.

“அனுப்பிடுறேம்மா” என்றார் எழுத்தர்.

உண்மையிலேயே உட்கார்ந்து எழுதினார். தன் சர்வீஸில் எழுதியதிலேயே சின்னதும் நல்லதும் அதுதான். ‘அன்புள்ள பெற்றோரே, அச்சில் இருக்கும் பதில் உங்களுடையது அல்ல. தயவுசெய்து நீங்களே யோசித்து எழுதுங்கள்.’ கோடு எதுவும் போடவில்லை. பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போது தலைமையாசிரியரிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனார்.

அவர் படித்தார். “ரொம்ப நல்லா வந்திருக்கு. தேதியை மட்டும் திங்கட்கிழமைன்னு மாத்திருங்க.”

“சார், விழா நாளைக்கு.”

“அதுக்குத்தான் சொல்றேன். இன்னைக்கு இது போனா நாளைக்கு மைதானத்துல நீங்களும் நானும்தான் ஓடணும். அழைப்பிதழ் போயாச்சு. உங்க பொண்ணை நிறுத்தியாச்சு, நான் ஏதாவது சொன்னேனா? உங்க விஷயம் முடிஞ்சுதுல்ல?”

டாக்டரின் நம்பர் எழுதிய சீட்டு எழுத்தரின் சட்டைப் பையில் இருந்தது. ஃபோன் மேசையில் இருந்தது. கூப்பிட வேண்டிய தூரம் ஒரு முழம். அவர் தன் இடத்துக்குப் போய்த் தேதியை அடித்து, திங்கட்கிழமை என்று எழுதினார். மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே பாய்ந்த சத்தம் கொஞ்ச நேரம் கேட்டு ஓய்ந்தது.

சனிக்கிழமை கொக்கு சாதாரணச் செருப்போடு அப்பாவுக்குப் பக்கத்தில் முடிவுகள் எழுதும் மேசையில் உட்கார்ந்திருந்தாள். முந்தின நாளிலிருந்து அவரோடு பேசவில்லை. நானூறு மீட்டருக்கு வரிசை நின்றபோதுதான் வாயைத் திறந்தாள்.

“அப்பா, அவங்க வீட்லயெல்லாம் கேட்டாச்சா?”

“சுற்றறிக்கை தயாரா இருக்கும்மா.”

விளையாட்டு வாத்தியார் விசிலை ஊதினார்.

மீதி நூற்று எண்பத்தைந்து பிள்ளைகளும் அன்று ஓடினார்கள்.