சரளாவின் கணினிக்கு மூச்சு முட்டிய கதை

ஈப்போப் பக்கம் புந்தோங் சரளாவைத் தெரியாதவர்கள் இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள், கண்ணுகளா. ரவிக்கையில் பூவேலை போட்டுக் கொடுப்பவள். அவளுடைய தையல் மிஷினைக் கம்பி போட்டுக் கணினியோடு இணைத்திருப்பாள். திரையில் மயில் இருந்தால், ஊசி துணியில் மயிலைத் தைக்கும். புருஷன் போனபிறகு பதினான்கு வருடமாக அவளையும் இரண்டு பிள்ளைகளையும் கரைசேர்த்தது அந்தக் கணினிதான். வாங்கும்போதே அது வேறொரு வீட்டில் உழைத்துவிட்டு வந்தது.

மூன்று வாரமாக அது ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடும். அந்த நேரம் பார்த்து வந்ததுதான் சிகப்பி ஆச்சி மகள் கவிநயாவின் முகூர்த்த ரவிக்கை. ஞாயிற்றுக்கிழமை லூமுட்டில் கல்யாணம். புடவையிலிருந்தே வெட்டியெடுத்த துணி, கெட்டால் மாற்று கிடையாது. மயிலின் கழுத்துவரை தைத்தபோது கணினி அணைந்தது. விட்ட இடத்திலிருந்து தொடரலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறை அணையும்போதும் ஊசி ஒரு மயிரிழை நகர்ந்து நின்றது. இன்னும் இரண்டு முறை அணைந்தால் மயிலுக்குக் கழுத்து ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.

பக்கத்து வீட்டு ஐயாவு வந்து பிளக்கை மாற்றிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு லா, சரளா. இது கிழடாயிருச்சு."

"புதுசுலே இந்த மயில் ஓடாதுண்ணே. என் மிஷினுக்கு இது பேசுனாத்தான் புரியும்."

வெள்ளிக்கிழமை காலை, துணி தைக்கக் கொடுக்க ஹஃபீஸா வந்தாள். தெரு முனையில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் முகம்மது கௌஸின் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் ஈப்போ டவுனில் ஒரு கடையில் ஆறு வருடம் கணினி ரிப்பேர் பார்த்தவள்.

"என்னக்கா, முகம் வாடிக் கெடக்கு?"

"இது செத்துச் செத்துப் பொழைக்குதும்மா."

ஹஃபீஸா பெட்டியின் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள்.

"யா அல்லா, பனாஸ்! தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. போட்ட ஒடனே அணையுதா, கொஞ்சம் ஓடி அணையுதா?"

"காலையிலே இருபது நிமிஷம் ஓடும். அப்புறம் போட்டா பத்து, அஞ்சுன்னு கொறையும்."

"அப்படின்னா கரண்டு இல்லக்கா. சூடு. சூடு தாங்காம அதுவே அணைஞ்சுக்குது. எப்பலேர்ந்து?"

"ஆயுத பூசைக்கு அப்புறந்தான்."

ஹஃபீஸா பெட்டியின் மறுபக்கம் குனிந்து பார்த்தாள். சல்லடை போலத் துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் சந்தனமும் குங்குமமும் அப்பம் போல அப்பியிருந்தது.

"இது என்னாக்கா?"

"பொட்டு லா. வருஷா வருஷம் வெப்பேன். முன்னாடி வெச்சா உதுந்துடுது. இங்கே ஓட்டை ஓட்டையா இருக்கா, சந்தனம் நல்லாப் புடிச்சுக்கும்."

ஹஃபீஸா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "அக்கா, அது மூக்கு. மூச்சு விடுற எடம்."

பிளக்கைப் பிடுங்கினாள். பொட்டைச் சுரண்டக் கையை நீட்டியவள் நிறுத்திக்கொண்டாள். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை. சாமிக்கு வெச்ச பொட்டை நான் தொடக்கூடாது. நீங்களே எடுத்துருங்க."

சரளா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தாள். கரண்டிக் காம்பால் பதினான்கு வருடப் பொட்டையும் சுரண்டி ஒரு தட்டில் எடுத்து வைத்தாள்.

பெட்டியைத் திறந்தால், விசிறி இறக்கைகளில் பழுப்பாகப் பிசுக்கு ஏறியிருந்தது. ஹஃபீஸா முகர்ந்து பார்த்தாள்.

"சாம்பிராணியா?"

"கண்ணு பட்டுருச்சுன்னு நெனச்சேன்மா. முன்னெல்லாம் வெள்ளிக்கு வெள்ளி. இப்போ தெனம் ரெண்டு வேளை காட்டுறேன்."

அதற்குமேல் ஹஃபீஸாவால் அடக்க முடியவில்லை. "அதுக்கு ஆஸ்துமாக்கா! நீங்க வைத்தியம்னு பொகை போட்டிருக்கீங்க!"

சரளாவும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க முகம் கோணிக்கொண்டு போனது. "சோறு போட்டதை நானே நெரிச்சிருக்கேனே."

"இல்லக்கா. பதினாலு வருஷமா நன்றி சொல்லியிருக்கீங்க. கொஞ்சம் தள்ளி நின்னு சொல்லியிருக்கலாம், அவ்ளோதான்."

விசிறி சுற்றாதபடி கறி குத்திச் சுடும் சாத்தே குச்சியால் பிடித்துக்கொண்டு, பழைய பல் துலக்கியால் இறக்கை இறக்கையாகத் துடைத்தாள். விசிறிக்கு அடியில் சூட்டை இழுக்கும் களிம்பு சுண்ணாம்பாகக் காய்ந்து கிடந்தது. வீட்டுக்கு ஓடிப்போய்ப் புதுக் களிம்பு கொண்டுவந்து தடவினாள். அதற்குள் கௌஸ் போன் செய்துவிட்டார்.

"கடையிலே கூட்டம் கட்டுது. எங்கே இருக்கே?"

"ஒரு கல்யாண வேலையிலே இருக்கேங்க. வாரேன், வாரேன்."

கணினியைப் போட்டார்கள். ஊசி அசைந்தது. இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு, மயிலையும் சுவர்க் கடிகாரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம். இருபது. சரளா பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். குடிக்க மறந்த தேத்தண்ணிக் கோப்பை அளவுக்குத்தான் சூடு. முப்பதாவது நிமிடம் கொண்டை தெரிய ஆரம்பித்தது. ஹஃபீஸா அப்போதுதான் எழுந்து கடைக்கு ஓடினாள்.

ஒன்றரை மணிக்கு மயில் முடிந்தது. கழுத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு விலகல் இருந்தது. சரளா அதன்மேல் கையாலேயே சின்ன முத்துகளைக் கோத்துத் தைத்தாள். வாங்க வந்த சிகப்பி ஆச்சி ரவிக்கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அடியே, மயிலுக்கு முத்துமாலை வேற போட்டிருக்கியே! நான் கேக்கவே இல்லையே!"

"நல்லா இருக்கா ஆச்சி?"

"எம்மக ஞாயித்துக்கெழம கழட்டவே மாட்டா."

ஆச்சி போனதும் சரளா கதவைப் பூட்டிக்கொண்டு கடைக்கு நடந்தாள். கூட்டம் வடிந்திருந்தது. பின்கட்டில் சட்டியும் தட்டும் மலையாகக் குவிந்திருக்க, ஹஃபீஸா தனியாக நின்றுகொண்டிருந்தாள். சரளா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குழாயைத் திறந்தாள்.

"அக்கா! என்னா செய்றீங்க? விடுங்க!"

"பேசாம போ லா. நீ என் வீட்டுலே ஒக்காந்திருந்த நேரத்துலே சேந்த சட்டிதானே இது."

கௌஸ் எட்டிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை சரளா கறி மீன் தொடமாட்டாள் என்று தெரிந்தவர். ஒரு தட்டில் சோறும் பருப்பும் வெண்டைக்காயும் போட்டு, காற்று வரும் மேசையில் வைத்தார்.

"சோறு ஆறுது, சரளா. வந்து சாப்பிடு."

"இன்னும் ரெண்டு சட்டிதாண்ணே," என்றாள் அவள், கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டே. "கழுவிட்டு வாரேன்."