அணைக்கச் சொன்ன விளக்கு

மனித குலத்தின் கலை வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கவேண்டிய செய்தி இது: எங்கள் நாடக மன்றச் செயலாளர், மூன்று மணி நேர ஆலோசனைக்குப் பின், ஒரு விளக்கை அணைப்பது என்று முடிவெடுத்தார்.

நாடகத்தில் இரண்டு ஆண்கள் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிறார்கள். கடைசிக் காட்சியில் ஒருவர் உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு மற்றவரிடம் கேட்கிறார்: "நான் ஆம்பளை இல்லை, பொம்பளைதான்னு இப்பத்தான் எனக்கே தைரியம் வந்திருக்கு. இனியும் என்கூட இருப்பியா?" மற்றவர் கையைப் பிடித்துக்கொள்வதுதான் பதில்.

"கேள்வியோட லைட்டை அணைச்சிடு. பதிலை ஜனங்க ஊகிக்கட்டும், அதான் நுட்பம்" என்றார் செயலாளர். "மீறினா ரெண்டு பேரும் மன்றத்துக்கு வெளியே." பயத்துக்கு அவர் வைத்திருக்கும் செல்லப்பெயர் நுட்பம்.

'ரெண்டு பேர்' என்றது, கேள்வி கேட்கும் வேடத்தில் நடித்த பல் ஆஸ்பத்திரி வரவேற்பாளரையும், விளக்கைக் கவனித்த லிஃப்ட் மெக்கானிக்கையும். ஒன்பது வருடமாக ஒரே வீடு, ஒரே சோப்பு. வெளியே மட்டும் 'ரூம்மேட்'. வரவேற்பாளரின் அக்காவிடமும் அதே கதைதான். சொல்ல வாய் வராமல், நாடகமாவது சொல்லட்டும் என்று அக்காவை முன்வரிசையில், செயலாளருக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்.

"பதில் இருட்டுல போயிட்டா அக்காவுக்கு என்ன புரியும்?" என்று ஒப்பனை அறையில் புலம்பினார்.

"நான் வெறும் லைட்டுப்பா, என்னை ஏன் கேக்கறே?" என்றார் மெக்கானிக். "முதல்ல பல்லுல ஒட்டின சாயத்தைத் துடை. ஆஸ்பத்திரி மானம் போகுது."

வரவேற்பாளரின் அன்றைய நடிப்பைக் குறை சொல்ல நாக்கு புரளவில்லை. கத்தல் இல்லை, மூக்குறிஞ்சல் இல்லை. கம்மலைச் சரிசெய்தபடி, டீ வேணுமா என்று கேட்பதுபோல் கேட்டார். கண் மட்டும் எதிரே நின்ற நடிகர்மேல் இல்லை. அரங்கின் பின்கோடியில், மெக்கானிக் உட்கார்ந்திருந்த விளக்குக் கூண்டின்மேல் இருந்தது.

விளக்கு அணையவில்லை. ஏறியது. அவசரமில்லாமல் ஏறி, கோத்த கைகளின் நகப்பூச்சுவரை காட்டிவிட்டு அங்கேயே நின்றது. அக்கா திரும்பி வெளிச்சம் வந்த திசையைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

திரை விழுந்ததும் நேராகக் கூண்டுக்குப் படியேறினாள்.

"வாங்கக்கா" என்று எழுந்து நின்றார் மெக்கானிக்.

"என்ன அக்கா? ஒன்பது வருஷம் ஏமாத்தினது போதும். இனிமே முறைப்படி அண்ணின்னு கூப்பிடு."

இருபது மாடிக் கயிற்றில் தொங்கியும் அசராத மனுஷன், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு வரவேற்பாளரும் மெக்கானிக்கும், நீக்க உத்தரவை வாங்கிக்கொள்ள, நிமிர்ந்த தலையோடு செயலாளரிடம் போனார்கள். அவர் இரண்டாம் காட்சியிலிருந்தே தூங்கிக்கொண்டிருந்தார்.