மூச்சு எண்ணும் பாடம்

பாடத்திட்டத் தாளில் கடைசிக் கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. 'விசுவாச நோக்கு' என்று அதற்குத் தலைப்பு. நடத்தப்போகும் பாடத்துக்கும் கிறிஸ்துவுக்கும் என்ன தொடர்பு என்று நான்கு வரி எழுத வேண்டும். நர்ஸுகளை ஆசிரியைகளாக்கும் அந்த முதுநிலைப் படிப்பில் இதற்குத் தனி மதிப்பெண். கூடப் படிக்கிற சின்னப் பெண்கள் அன்பு, பொறுமை என்று மளமளவென எழுதிவிடுவார்கள். இவள் பதினாறு வருஷம் வார்டில் தேய்ந்துவிட்டுப் படிக்க வந்தவள், எல்லாருக்கும் பெரியக்கா. மூச்சு எண்ணுவதில் என்ன விசுவாசம் வேண்டிக்கிடக்கிறது? பேனாவைக் கடித்துக் கடித்துக் கடைசியில் 'உண்மை' என்று எழுதினாள். எழுதியதுமே தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

நோயாளியின் மூச்சை ஒரு நிமிடம் முழுக்க எண்ணி சார்ட்டில் குறிக்க வேண்டும். யார் எண்ணுகிறார்கள்? நாற்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ். இருபது என்றால் சாதாரண அளவு, யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று வரிசையாக இருபது, இருபது என்று போட்டுக்கொண்டே போவார்கள். கிழவருக்கும் இருபது, குமரிக்கும் இருபது, மாடிப்படி ஏறி வந்து மூச்சிரைக்கிறவருக்கும் இருபதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், பதினோராம் கட்டில் தையல்காரருக்கும் பெரியக்கா அப்படித்தான் போட்டாள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, பாவி. இரண்டு மணி நேரத்தில் அவர் போய்விட்டார். டாக்டர் சார்ட்டைப் பார்த்து, "மூச்சு சரியாத்தானே இருந்திருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். தையல்காரரின் மனைவி இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பாத்துக்கிட்டீங்க சிஸ்டர்" என்றாள். அந்தப் பிடி இன்னும் விடவில்லை.

இன்று காலையில்தான் முதல்முறையாகக் கணவனிடம் சொன்னாள். ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தவன் நிமிரவே இல்லை.

"இன்னைக்கு மார்க் போடுற கிளாஸ். அங்க போய் உளறிக் கொட்டினா படிப்பும் போயிடும், வேலையும் போயிடும். வாயை மூடிக்கிட்டு பாஸ் பண்ணிட்டு வா."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது.

வகுப்பு ஜெபத்தோடு தொடங்கியது. எதிரே முதலாண்டு மாணவிகள். பின்வரிசையில் மதிப்பெண் தாளோடு மேடம். கரும்பலகையில் பெரியக்கா முன்பே வெற்று சார்ட் ஒன்றை வரைந்து வைத்திருந்தாள்.

"எண்ணுறோம்னு தெரிஞ்சா நோயாளி மூச்சை மாத்திடுவாங்க. அதனால நாடி பாக்கற மாதிரியே கையைப் பிடிச்சுக்கிட்டு, நெஞ்சைப் பாத்து எண்ணணும்."

செய்து காட்டலாம் என்றால் கட்டிலில் கிடந்த ரப்பர் பொம்மை எங்கே மூச்சு விடப்போகிறது? அதை நகர்த்திவிட்டுத் தானே ஏறிப் படுத்தாள். மாணவிகள் கொல்லென்று சிரித்தார்கள். முன்வரிசையில் வாட்ச் கட்டியிருந்த ஒல்லிப் பெண்ணைக் கூப்பிட்டாள். அவள் வந்து மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, வார்டுல எல்லாருமே இருபதுன்னுதானே எழுதுறாங்க?"

மறுபடியும் சிரிப்பு. 'அது தப்பும்மா' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். முடித்தும்விட்டாள். பின்னால் மேடத்தின் பேனா எதையோ குறித்தது. அவ்வளவுதான், தப்பித்தாயிற்று. ஆனால் படுத்த நிலையில் கண்ணுக்குத் தெரிந்தது விட்டமும் மின்விசிறியும்தான். அந்தத் தையல்காரரும் இப்படித்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு கிடந்திருப்பார், யாராவது பக்கத்தில் வந்து நிற்கமாட்டார்களா என்று.

"நானும் எழுதினேன்," என்றாள். "ஒருத்தருக்கு எண்ணாம எழுதினேன். அன்னைக்கே அவரு செத்துட்டாரு. மூணு வருஷமா நான் யார்கிட்டயும் சொல்லல."

நாற்காலி கிறீச்சிட்டது. மேடம் எழுந்து நின்றிருந்தார்.

"என்ன சொல்றோம்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் மேடம்."

ஒல்லிப் பெண் கையை விடாமல், வாட்சையும் பெரியக்காவின் நெஞ்சையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. முழுதாக ஒரு நிமிடம். பிறகு மணிக்கட்டை மெதுவாகக் கட்டிலில் வைத்துவிட்டு, கரும்பலகைக்குப் போய் வெற்றுக் கட்டத்தில் எழுதினாள்: முப்பத்து நான்கு.