பல் இல்லாதவரின் பல்வலி

அந்த ஊரில் எழுபது வயதைக் கடந்தவர்களின் வலியை, காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள். வலக்கையை வலக்கையால் பிடித்து ஐம்பது வரை எண்ணினால் போதும், வலி இடம் மாறிவிடும். அந்த இரண்டு மணி நேரத்தில் பெரியவர்கள் நிதானமாகக் குளிப்பார்கள், கால் நகம் வெட்டிக்கொள்வார்கள், மாடிப்படி ஏறி இறங்குவார்கள். பன்னிரண்டு ஆனதும் வலி தானாகவே உரியவரிடம் திரும்பிவிடும். சுகாதார நிலையத்தில் இதற்கென்று ஒரு மஞ்சள் அட்டை கொடுத்திருந்தார்கள். எந்த வலி, எந்த இடம், எத்தனை நாளாக என்பதெல்லாம் அதில் இருக்கும்.

செல்வநாயகிக்கு ஐம்பத்தொரு வயது. வீட்டிலேயே தையல் வேலை. நான்கு வருடமாக அப்பா தாணுலிங்கத்தின் வலிகளை வாங்கி வந்தாள். வலது முழங்கால், இடுப்பு, இடது தோள்பட்டை. மூன்றும் அவளுக்குப் பழகியவை. முழங்கால் எழுந்திருக்கும்போது மட்டும் பிடிக்கும். இடுப்பு குனிந்தால் குத்தும். தோள்பட்டைக்கு மழை வரப்போவது முன்கூட்டியே தெரியும். பத்து மணி ஆனதும் மெஷினை மூடிவிட்டு, ஜாக்கெட்டுக்குக் காஜா எடுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள்.

புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு அவளுக்குப் பல் வலித்தது. கீழ் வரிசையில் இடது பக்கம், கடைசிக்கு முந்தின பல். காதுவரை இழுத்தது. மற்ற மூன்று வலிகளும் வழக்கம்போல் அதனதன் இடத்தில் இருந்தன. இது மட்டும் புதிது.

அப்பாவுக்கு வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. ஒன்பது வருடமாகப் பல்செட்தான். அன்று காலை அது சமையலறை மேடையில் ஒரு டம்ளருக்குள் கிடந்தது.

"அப்பா, உங்களுக்குப் பல்லு வலிச்சுதா?"

"எனக்கு ஏது மக்ளே பல்லு?"

தாணுலிங்கம் முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடிக்க மூஞ்சியைப் பார்த்தால் போதும், அவன் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருப்பான் என்று அவரே மகளுக்குச் சொல்லியிருக்கிறார். இப்போது அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பார்ப்பதற்கு அடுத்த வீட்டுச் சுவர்தான் இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு அவளுடைய வாய் சரியாகிவிட்டது. மதியம் சாப்பிடும்போது அப்பா இடது பக்கம் மெல்லாமல் இருந்ததை அவள் பார்த்தாள். ரசம் மட்டும் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார்.

மறுநாளும் பல்வலி வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அவள் மஞ்சள் அட்டையை எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள். நர்ஸ் மரிய புஷ்பம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பெரியவங்க பார்க்குல உக்காந்து மாத்திக்கிடுவாங்கக்கா. கூடாதுன்னு போர்டு வச்சிருக்கு. யாரு கேக்கா?"

"மாத்துறதுன்னா?"

"ஒண்ணைக் குடுத்தாத்தான் ஒண்ணு வாங்கலாம். சும்மா தள்ளிவிட முடியாது. மாத்தின பிறகு அது அவங்க சொந்த வலி மாதிரியே ஆயிரும்." அட்டையில் விரலை ஓட்டினாள். "பழைய மூணும் வருதுல்லா?"

"இன்னைக்கும் வந்துச்சு."

"அப்ப அட்டையில இல்லாத ஒண்ணைக் குடுத்திருக்காரு."

செல்வநாயகி அதை யோசித்துக்கொண்டே எழுந்தாள். எழும்போது கழுத்தைப் பிடித்துக்கொண்டதை நர்ஸ் கவனித்தாள்.

"அது யாரோட வலி?"

"இது எனக்குள்ளது. மெஷின்ல குனிஞ்சு குனிஞ்சு."

"யாருகிட்ட குடுக்கீங்க?"

"எனக்கு எழுபது ஆகலையே."

மரிய புஷ்பம் ஒரு துண்டுத் தாளில் என்னவோ எழுதி மேஜைக்குள் போட்டாள்.

அன்றிலிருந்து செல்வநாயகி அப்பாவை வேவு பார்த்தாள். அவர் கைப்பிடியைத் தொடாமல் மாடி ஏறினார். முந்தின வாரத்தில் பாதிப் படியில் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோல் குனிந்தவர் அவர். செருப்பில் சரிசெய்ய எதுவும் இருந்ததில்லை என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சட்டைப் பைகளைத் துழாவினாள். தலையணை உறையைக் கழற்றி உதறினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பா சந்தோஷமாக இருந்தார். அதுதான் அவளுக்கு ஆகவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை மாலை அவர் பூங்காவுக்குக் கிளம்பியதும் இவளும் பின்னால் போனாள். தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் சிமெண்டு பெஞ்சில் அப்பாவும் ஒரு தடித்த பெரியவரும் உட்கார்ந்து தேர்தல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தடித்தவர் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார். இடது பக்கப் பற்களால், கடைவாய்க்குத் தள்ளி, நறுக் நறுக்கென்று கடித்தார். அது வலிவிட்டுப்போன பல்லை அனுபவிக்கிறவரின் கடி. செல்வநாயகி அவர் வீடுவரை தொடர்ந்துபோய் வாசலைப் பார்த்து வைத்துக்கொண்டாள். வாசலில் ஞானதிரவியம் என்று பெயர்ப்பலகை இருந்தது.

மறுநாள் பத்து மணிக்கு அப்பாவிடம் நான்கு வலிகளையும் வாங்கிக்கொண்டு, முழங்காலை இழுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். ஞானதிரவியம் கொய்யாப்பழம் கடித்துக்கொண்டிருந்தார். எதிரே சோபாவில் நாற்பது வயதுள்ள ஒருவன் வேர்த்துப்போய், கையை நெஞ்சில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

"தாணு மவளா? உக்காரு. இவன் என் மகன் ஜெபசிங்."

"என்ன செய்யுது தம்பி?" என்று அவள் கேட்டாள்.

"அப்பாவோட நெஞ்சுவலிக்கா. எட்டு நாளா இருக்கு. ரெண்டு தடவை இசிஜி எடுத்தாச்சு. எனக்கும் ஒண்ணுமில்ல, அப்பாவுக்கும் ஒண்ணுமில்லங்காங்க."

செல்வநாயகி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் அவளுக்குப் பல்வலிகூடத் தெரியவில்லை.

சம்பளத்துக்கு வருகிறவர்கள் கழுத்துக்கு மேலும் இடுப்புக்குக் கீழும் உள்ள வலிகளை மட்டும் வாங்கலாம் என்பது விதி. நெஞ்சுவலி ரத்த உறவுக்கு மட்டும்தான். ஞானதிரவியத்தின் பல்வலியை மூன்று மாதமாக ஒரு அம்மாள் வந்து வாங்கிப் போனாள். நெஞ்சுவலி வந்த பிறகு, பக்கத்து ஊரில் இருந்த மகன் தினமும் காலையில் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தான்.

"பல்லுவலின்னா இவன் போன்ல கேப்பான். நெஞ்சுவலின்னா வருவான்" என்றார் ஞானதிரவியம்.

"ஐயா, அது எங்கப்பாவோடது. அதைத் திருப்பித் தரணும்."

"நான் பிடுங்கலையே. போன திங்கக்கெழமை சாயங்காலம் அவன்தான் ஓட்டமா வந்தான். நாளைக்குப் பத்து மணிக்குள்ள இதை யாருகிட்டயாவது சேத்தாகணும்னான். நான் பாவம்னு வாங்கினேன்." கொய்யாவைக் கீழே வைத்தார். "இப்ப தர முடியாது."

"அப்பா, குடுத்திருங்க" என்றான் ஜெபசிங். "நான் வருவேன்."

"எப்ப?"

அவன் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தைக் கிழவர் அளந்துகொண்டிருந்தார்.

"வருவேம்ப்பா" என்றான்.

ஞானதிரவியம் அதை நம்பவில்லை. ஆனாலும், நாளைக்கு ஒரு நாள், இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் எடுத்துப் போகலாம், பன்னிரண்டு மணிக்குத் தன்னிடம் வந்துவிட வேண்டும் என்று சம்மதித்தார். தகப்பனுடைய வலி என்பதால் ரத்த உறவு விதிக்கும் இடைஞ்சல் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அப்பா சாய்வு நாற்காலியில் இருந்தார். அவள் எதிரே நின்றாள்.

"ஏன் எங்கிட்ட குடுக்கல?"

அவர் மறைக்க முயலவில்லை. "உனக்கு வலிச்சா நீ என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருவ."

"ஆமா, போவேன்."

"உங்கம்மாவும் நடந்துதான் உள்ள போனா."

செல்வநாயகி தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தாள். அம்மா போன பிறகு அவர்கள் இருவரும் அந்த நாளைப் பற்றிப் பேசியதே இல்லை. அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே அவருடைய பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில நீங்க படுத்துக்கிட்டா போதும். உங்களுக்குப் பதிலா நான்தான் படி ஏறப்போறேன்."

"வலிக்குமே மக்ளே."

"தெரியும்."

மறுநாள் பத்து மணிக்கு அவள் ஞானதிரவியத்தின் கையைப் பிடித்து ஐம்பது எண்ணினாள். நனைந்த துணியைப் பிழிவதுபோல் நெஞ்சுக்குள் எதுவோ முறுக்கிக்கொண்டது. இடது கை வழியாகத் தாடைக்கு ஏறியது. ஆட்டோவில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, மெல்லப் போகும்படி டிரைவரிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒன்றும் வியக்கவில்லை. தாணுலிங்கத்தைக் கட்டிலில் படுக்கவைத்து நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். செல்வநாயகியை மாடிப்படி ஏறச் சொன்னார்கள். முதல் மாடியில் மூச்சு வாங்கியது. இரண்டாவது மாடியில் சுவரில் சாய்ந்தாள். அங்கே ஒரு ஜன்னல் இருந்தது. கீழே மருந்துக் கடை வாசலில் ஜனங்கள் நின்றார்கள். இந்த வலியோடு அப்பா வீட்டின் பதினான்கு படிகளையும் தனியாக ஏறியிருக்கிறார், ஏறி வந்து அவளிடம் காப்பிக்குச் சர்க்கரை போதவில்லை என்று சொல்லியிருக்கிறார். கீழே, கட்டிலில் கண்ணை மூடிச் சும்மா படுத்திருந்த தாணுலிங்கத்தின் தாளில் கோடு ஓரிடத்தில் இறங்கியது.

"இன்னொரு தடவை ஏறுங்கம்மா" என்று டாக்டர் கீழேயிருந்து சொன்னார். ஏறினாள். கோடு மறுபடி இறங்கியது.

"அடைப்பு இருக்கு. இப்பவே வந்தது நல்லதாப் போச்சு."

பன்னிரண்டு மணிக்கு வலி ஞானதிரவியத்திடம் போய்விட்டது. சனிக்கிழமை தாணுலிங்கத்துக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். அன்று பதினொன்று இருபதுக்கு, நான்கு தெரு தள்ளி, ஜெபசிங் நெஞ்சிலிருந்து கையை எடுத்தான்.

திங்கட்கிழமை ஞானதிரவியம் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வார்டுக்கு வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து வெகுநேரம் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் துடைச்சு எடுத்துட்டீங்க. எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. என் பல்லைக் குடு தாணு."

தாணுலிங்கம் கையை நீட்டினார். தன் சொந்த வலியைத் திரும்ப வாங்குகிறவர் பதிலுக்கு எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. இருவரும் ஐம்பது வரை எண்ணினார்கள். பல்லைப் பிடுங்க ஜெபசிங்தான் அழைத்துப் போனான். அதன் பிறகு ஒரு வாரம் தினமும் வந்தான். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான். ஒவ்வொரு ஞாயிறும் அவன் கிளம்பும்போது, அடுத்த வாரம் வருவானா மாட்டானா என்று ஞானதிரவியம் வாசலில் நின்று அவன் முதுகை ஆராய்ந்தார்.

செல்வநாயகி வீட்டுக்குப் புதன்கிழமைதோறும் மூன்று மணிக்கு மரிய புஷ்பம் வர ஆரம்பித்தாள். அட்டைக்கு இதில் வேலை இல்லை, அந்த நேரத்தில் தனக்கும் வேலை இல்லை என்றாள். எதிரே உட்கார்ந்து ஐம்பது எண்ணி, கழுத்து வலியை ஒரு மணி நேரம் வாங்கி வைத்துக்கொண்டாள். இவளுக்கு எதற்கு இந்தக் கரிசனம் என்று செல்வநாயகி முதல் இரண்டு புதன்கிழமையும் தூங்காமல் அவளையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மூன்றாவது புதன்கிழமை தூங்கிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே ஒரு வரி இருந்தது. தினமும் மாலை முப்பது நிமிடம் நடக்க வேண்டும், முடியாத நாட்களில் செருப்பை மட்டும் அனுப்பினால் போதும். முதல் வாரங்களில் தாணுலிங்கத்துக்கு அசதியாக இருந்ததால், செல்வநாயகி ஐந்து மணிக்குக் கேட்டைத் திறந்து செருப்பை அனுப்பினாள். அவை இடதும் வலதுமாக நிதானமாகத் தெருவில் இறங்கிப் போகும். ஐந்தரைக்குத் திரும்பிவிடும். அவள் தூசியைத் துடைத்து ஓரமாக வைப்பாள். அன்றைக்கு எப்படி நடந்தது என்று கேட்டால், கால் லேசாக இருக்கிறது என்பார் அப்பா.

மூன்றாவது வாரம் அவை ஐந்தே முக்காலுக்கு வந்தன. அடுத்த நாள் ஆறு. அடிப்பகுதியைத் திருப்பிப் பார்த்தாள். கடற்கரை மணல் ஒட்டியிருந்தது. அந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அப்பா முகத்தைப் பார்த்தாள். அவர் சுண்டல் சாப்பிட்டவர்போல் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை ஆறே கால் ஆகியும் வரவில்லை. அவள் கேட் அருகே காத்து நின்றாள். தெருமுனையில் அப்பாவின் செருப்புகள் தெரிந்தன. அவற்றுக்கு ஓரடி பின்னால், அவள் அதுவரை பார்த்திராத, நீல வார் வைத்த ஒரு ஜோடிப் பெண் செருப்புகள் வந்தன. இடது குதிகால் நன்றாகத் தேய்ந்திருந்தது. அப்பாவின் செருப்புகள் உள்ளே வந்துவிட்டன. நீல வார்ச் செருப்புகள் வாசல்படிக்கு வெளியே, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

செல்வநாயகி தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு கேட்டை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள்.