நடுப்புள்ளி

துறையில் அவளுக்குப் புள்ளிக்காரி என்றே பெயர் விழுந்துவிட்டது. செய்தித்தாளும் தொலைக்காட்சியும் கைபேசியும் ஒன்றில் ஒன்று கரைந்துபோகிற ஊடகச் சங்கமத்தைப் பற்றி எழுதியவர்கள் யார் யாரை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று துருவுவதே அவள் முனைவர் பட்ட ஆய்வு. எழுதியவருக்கு ஒரு புள்ளி, மேற்கோளுக்கு ஒரு கோடு.

திரையில் இடப்பக்கம் செய்தியறைகளை ஆராய்ந்தவர்கள், வலப்பக்கம் ரசிகர் கூட்டங்களை ஆராய்ந்தவர்கள். நடுவில் ஒரே ஒரு பெரும்புள்ளி. இந்த ஒருவர்தான் இரு கரைகளையும் இணைத்தார் என்பதே ஆய்வேட்டின் முடிவு. கெடுவை இரண்டு முறை நீட்டியாயிற்று. நாளை மாலைக்குள் ஒப்படைக்காவிட்டால் பதிவே ரத்து.

ஒரு அடிக்குறிப்புக்காக அந்தப் பெரும்புள்ளி எங்கே வேலை பார்க்கிறார் என்று தேடினாள். இரண்டு பல்கலைக்கழகங்கள், இரண்டு முகங்கள். ஒருவர் நரைத்த தாடிக்காரர், மற்றவர் இளம்பெண். ஒரே முதலெழுத்து, ஒரே குடும்பப் பெயர். மென்பொருள் இருவரையும் ஒரே ஆளாக்கியிருந்தது.

பிரித்துப் போட்டாள். வரைபடம் நட்டநடுவில் பிளந்தது. சங்கமத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் ஒருவரையொருவர் படிக்கவே இல்லை.

ஆய்வு நெறியாளரின் அறைக்கு ஓடினாள்.

"மேடம், அது ஒருத்தர் இல்ல. ரெண்டு பேரு."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "யாரும்மா இதைப் போய்த் தோண்டப் போறாங்க? அப்படியே விடு."

"தெரிஞ்சே எப்படி மேடம்?"

"இந்த முடிவை வச்சு நானும் ரெண்டு கட்டுரை போட்டிருக்கேன். என் பேரும் சேர்ந்து நாறணுமா?"

படிக்கட்டில் உட்கார்ந்து கணவனை அழைத்தாள். முழுவதும் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "நாலு வருஷமா நானும் பாப்பாவும் உன் புள்ளிங்களோடதான் குடித்தனம் நடத்துறோம். வாய மூடிட்டுக் குடுத்துடேன்."

அவன் சொன்னதில் தப்பில்லை. அதுதான் அவளைக் கொன்றது. பழைய வரைபடத்தோடு இருந்த ஆய்வேட்டைத் திறந்தாள். நெறியாளருக்கு அனுப்பும் பொத்தான்மேல் விரலை வைத்தாள். அந்தப் பெரும்புள்ளியைப் பார்க்கப் பார்க்க யாரோ முறைப்பதுபோல் இருந்தது. மூடிவிட்டுக் கடைசி அத்தியாயத்தைப் புதிதாக எழுத உட்கார்ந்தாள்.

மறுநாள் அரையும் குறையுமாக முடித்து அச்செடுத்துக்கொண்டு போனபோது நெறியாளரின் அறை பூட்டியிருந்தது. எத்தனையோ முறை அழைத்த பிறகு போனை எடுத்தார்.

"மாத்தி எழுதியிருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்மா. என்னைத் தப்பா நினைக்காத." இணைப்பு அறுந்தது.

அலுவலக எழுத்தர் ஆய்வேட்டைப் புரட்டிப் பார்த்தார். "கையெழுத்து இல்லாம நான் வாங்கினா என் வேலை போயிடும், தங்கச்சி." கதவை அடைக்கும்போதும் அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கணவன் அழைத்தான். "குடுத்துட்டியா?"

"வாங்கல."

கோபம் வெடிக்கும் என்று காத்திருந்தாள்.

"சரி. அங்கேயே இரு. பாப்பாவைக் கூட்டிட்டு வரேன்."

படிக்கட்டில் போய் உட்கார்ந்தாள். ஆய்வேட்டை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்துகொண்டாள்.