மூன்று சுழிக்கு உரியவர்

அந்த எழுத்துரு வடிவமைப்புக் கூடத்தில் எந்த எழுத்தை யார் வரைந்தார் என்று ஒருவரும் வாய்திறப்பதில்லை. எவரும் எழுதி மாட்டாத சட்டம் அது. யாராவது கேட்டால், "எல்லார் கையும்தான்" என்று சிரித்து நகர்ந்துவிட வேண்டும்.

மூத்த வடிவமைப்பாளரை அங்கே பெரியவர் என்பார்கள். நெடுங்காலம் அந்தச் சட்டம் அவருக்கு உறுத்தவில்லை. தலை நரைத்தவர் என்பதாலேயே பாராட்டெல்லாம் அவர் பக்கம் திரும்பியது. மனைவியின் தங்கையை மணந்த சகலை அதே கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் உறுத்தத் தொடங்கியது.

அப்போது 'குண்டு' உருவாகிக்கொண்டிருந்தது. முனைகளில் கூர்ப்போ கொக்கியோ இல்லாத, உருண்டு திரண்ட தடித்த எழுத்துரு. படிப்பவர் தோளில் கைபோட்டுப் பேசுவது போலிருக்க வேண்டும் என்பது நோக்கம். எல்லாம் பெரியவரே வரைந்தார். மூன்று சுழி 'ண' மட்டும் மசியவில்லை. தடிமனைக் கூட்டினால் சுழிகள் அடைத்து மைப்பொட்டாகும், குறைத்தால் நோஞ்சானாகும். சகலை அதை வாங்கிக்கொண்டுபோய், கோடும் கோடும் சந்திக்கும் இடங்களில் மட்டும் சதையைச் சீவி எடுத்தார். கூடத்து வழக்கப்படி சுவரில் தலைகீழாக ஒட்டிப் பார்த்தபோது, மூன்று சுழிகளிலும் வெளிச்சம் நின்றது.

"பரவாயில்ல," என்றார் பெரியவர். அந்தச் சுவர்ப் பக்கம் மறுபடி பார்க்கவில்லை.

பிறகு ரொட்டி உறை, கடைப்பலகை, பேருந்து நிறுத்தம் எங்கும் குண்டுதான். அவர் கண்ணோ அந்த ஒற்றை எழுத்தையே தேடிப்போய்க் குத்திக்கொண்டது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் மனைவி எண்ணெய்ப் புட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

"இந்த ண-வைப் பாருங்களேன், கன்னத்தைக் கிள்ளலாம் போல இருக்கு. உங்க கைதானே?"

"எல்லார் கையும்தான்." புட்டியை வாங்கி, எழுத்து தெரியாதபடி திருப்பி வைத்தார்.

குழந்தைகள் மருத்துவமனை நிர்வாகி ஒருவர் கூடத்துக்கு வந்தார். "மருந்துச் சீட்டிலேர்ந்து வழிகாட்டிப் பலகை வரைக்கும் எங்களுக்குன்னே ஒரு எழுத்துரு வேணும். உங்க குண்டுல இருக்கற இந்த ண-வை வரைஞ்சவர்தான் தலைமை ஏத்துக்கணும்," என்றவரின் பார்வை நரைத்த தலையில் நின்றது.

"பெரியவர் பாத்துக்குவார்," என்றார் முதலாளியம்மா.

"ரொம்ப சந்தோஷம்ணா," என்றார் சகலை. அதில் குத்தல் துளியும் இல்லை. அதுதான் பொறுக்கவில்லை.

காலமெல்லாம் பெரியவர் ஏங்கிய பொறுப்பு. வாயை மூடிக்கொண்டால் போதும். ஆனால் இனி அவர் வரையும் ஒவ்வொரு எழுத்தும் அந்த ண-வின் சாயலைத் தேடி அலைய வேண்டும். விழும் மாலையெல்லாம் சகலையின் கைக்குரியது. இரவல் சட்டை எவ்வளவு பொருந்தினாலும் உடம்பு அரிக்கும். அவருக்கு இப்போதே அரித்தது.

"கொஞ்சம் இருங்க," என்றார். "அந்த ண என் கை இல்ல. என்னால முடியாம விட்டது. வரைஞ்சது இதோ, என் சகலை."

தேநீர்க் குவளையோடு முதலாளியம்மாவின் கை அந்தரத்தில் நின்றது.

"அண்ணா, சும்மா இருங்கண்ணா..."

"நீ சும்மா இருப்பா!" பெரியவர் நிர்வாகியின் பக்கம் திரும்பினார். "மத்த எழுத்தெல்லாம் நான் வரைஞ்சது. அதையும் தெரிஞ்சுக்குங்க."