கடல் தெரியும் அறை

கொழும்பில் குடியிருந்துகொண்டே கொழும்புக்கு உல்லாசப் பயணம் போகலாம் என்பதை முதலில் கண்டுபிடித்தவன் கிருஷ்ணராஜாகத்தான் இருக்க வேண்டும். கொட்டாஞ்சேனைவாசியான அவன், மூன்று நாள் லீவைக் கடற்கரையில் கழிப்பதற்கு வெள்ளவத்தையைத் தேர்ந்தெடுத்தான். ஆத்திரக்காரனான ஒரு பஸ் சாரதி வாய்த்தால் முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய இடம் அது.

அவன் மனைவி நிஷாந்தி உண்மையில் கடலைக்கூடக் கேட்கவில்லை. பதினொரு வருட மணவாழ்க்கையில், காலையில் எழுந்து எவருக்கும் தேநீர் ஊற்றாத ஒரு நாளைத்தான் கேட்டாள். பகலில் ஒரு தனியார் கிளினிக்கின் வரவேற்பு மேசையில் சம்பளத்துக்கு ஆட்களை வரவேற்றாள். மாலையில் அதே வேலையை வீட்டில் இலவசமாகச் செய்தாள். மலையகத்து அட்டனிலிருந்து கொழும்புக்கு இறங்கும் சொந்தபந்தம் முழுவதற்கும் நாலாம் மாடியிலிருந்த அவர்களுடைய இரண்டறை வீடே தங்குமிடம். பாஸ்போர்ட் எடுக்க வருபவர், கண் காட்ட வருபவர், வெளிநாடு போகிறவரை வழியனுப்ப வருபவர் என எல்லோருக்கும் அங்கே ஒரு பாய் இருந்தது. வருவதை முன்கூட்டிச் சொல்வது அந்தக் குடும்பத்தில் ஒருவகை அவமதிப்பு. ‘வரட்டுமா’ என்று கேட்டால், ‘வேண்டாம்’ என்று சொல்லக்கூடிய ஆட்கள் என நினைத்ததாகிவிடும் அல்லவா? ஆகவே எவரும் கேட்பதில்லை; கதவைத் தட்டுவார்கள்.

தங்குமிடம் தேடும் பொறுப்பைக் கிருஷ்ணராஜ் ஏற்றுக்கொண்டான். ஆறு வாரங்கள் கைபேசியில் விருந்தினர் விமர்சனங்களைப் படித்தான். ‘பரவாயில்லை’ என்ற ஒற்றைச் சொல்லின் உட்பொருளைப் பற்றி இரண்டு இரவுகள் யோசித்தான். நான்கு நட்சத்திரம் கொடுத்தவர் ஐந்தாவதை ஏன் மறைத்தார் என்று மனைவியிடம் விவாதித்தான். நீர்கொழும்பில் கொசு, உனவட்டுனவில் வெள்ளைக்காரர் விலை, திருகோணமலைக்கு ஒரு நாள் பயணத்திலேயே போய்விடும் எனத் தீவின் கரையோரத்தை வரிசையாக நிராகரித்து, கடைசியில் வெள்ளவத்தையில் ‘கடல் தெரியும் அறை’ ஒன்றில் வந்து நின்றான்.

போவதற்கும் ஒரு திட்டம் இருந்தது. “கோட்டையில ரயில் ஏறி வலது பக்கமா உக்காரணும். கடல் கூடவே வரும்” என்றான். ஏறினார்கள். வலது பக்கத்தில் மட்டுமல்ல, எந்தப் பக்கத்திலும் உட்கார இடமில்லை. வேலை முடிந்து கல்கிசைக்குத் திரும்பும் கூட்டம் வாசல் வரை தொங்கியது. மேல்கம்பியைப் பிடித்திருந்த ஒருவரின் கக்கத்துக்குக் கீழாக, பம்பலப்பிட்டிக்குச் சற்று முன்னால், நிஷாந்திக்குக் கொஞ்சம் கடல் கிடைத்தது.

லொட்ஜின் பொறுப்பாளர் பூபாலசிங்கம் யாழ்ப்பாணத்தவர். மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு இருவரையும் பார்த்தார்.

“விசாவுக்கோ, கலியாணத்துக்கோ?”

“ரெண்டும் இல்லைங்க. சும்மா, ஹொலிடேக்கு.”

“எங்கயிருந்து வாறியள்?”

“கொட்டாஞ்சேனை.”

பூபாலசிங்கம் பேனாவை வைத்துவிட்டார். இருபது வருடமாக அந்த மேசையில் இருக்கிறார். தூதரகத்துக்கும் சத்திரசிகிச்சைக்கும் மரணவீட்டுக்கும் அறை கொடுத்திருக்கிறார். வெறும் உல்லாசத்துக்காக எவருக்கும் கொடுத்ததில்லை. குரலைத் தாழ்த்தி, “தம்பி, வீட்டில ஏதும் பிரச்சினையோ? பெத்தவைக்குத் தெரியுமோ?” என்றார்.

“எங்களுக்குக் கல்யாணம் ஆகிப் பதினொரு வருசங்க!”

“ஓம், ஓம். எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுறவை.”

அறையில் கடல் தெரியத்தான் செய்தது. பக்கத்துத் தொடர்மாடிக்கும் ஒரு தண்ணீர்த் தாங்கிக்கும் நடுவே, நான்கு விரல் அகலத்தில், நீலமாக, செங்குத்தாக நின்றது. அதற்கு முன்னால் மரைன் டிரைவ், அதற்கப்பால் தண்டவாளம். ரயில் போகும்போதெல்லாம் கட்டில் ஓர் அங்குலம் நகர்ந்தது.

“விமர்சனத்துல இதச் சொல்லவே இல்லையே” என்று கிருஷ்ணராஜ் மனம் வருந்தினான்.

“கட்டில் நகந்தா நகரட்டும். எனக்கு இது சொர்க்கம்” என்றாள் நிஷாந்தி. பொய்யில்லை. நாளை காலை அவள் எட்டு மணி வரை படுத்திருப்பாள். எவரோ ஒருவர் தேநீர் கொண்டுவந்து கதவைத் தட்டுவார். அந்த ஒற்றைக் காட்சியை ஆறு வாரமாக மனதில் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

செருப்பைக் கழற்றிப் பத்து நிமிடம் ஆகவில்லை. கிருஷ்ணராஜின் கைபேசி அலறியது. அவனுடைய சின்னம்மா பழனியம்மா.

“ராசு, ஒங்க வீட்டு வாசல்லதான் நிக்கிறோம். கதவு பூட்டிக் கெடக்கே! நாளைக்கு மகளுக்குப் பாஸ்போர்ட்டு எடுக்கணும்டா. மருமகன், புள்ளைங்க எல்லாம் வந்திருக்கோம்.”

நாலு மாடி ஏறி நிற்கும் ஐந்து பேரிடம் நல்ல மனிதன் ஒருவன் என்ன சொல்வானோ, அதைத்தான் கிருஷ்ணராஜும் சொன்னான். “அடடா, சின்னம்மா! நாங்க வெள்ளவத்தையில இருக்கோம். ஒரு ஓட்டோ புடிச்சு இங்க வாங்களேன். கடலையும் பாத்துட்டு, சாவிய வாங்கிட்டுப் போயிரலாம்.”

நிஷாந்தி கண்ணை மூடிக்கொண்டாள். ‘வாங்களேன்’ என்பது நகரத்தில் ஒரு மரியாதை. மலையிலிருந்து வந்தவர்களுக்கு அது அழைப்பு.

ஒரு மணி நேரத்தில் அழைப்பு நிறைவேறியது. பழனியம்மா, மகள், மருமகன், இரண்டு பிள்ளைகள், ஒரு சாக்கு லீக்ஸ், கரட். பழனியம்மா கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவியபடி நான்கு விரல் கடலைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

“அம்மாடி, எம்புட்டுத் தண்ணி! இத விட்டுட்டு அந்த நாலாம் மாடிய மறுபடி யாரு ஏறுவா? ராசு, நாம எல்லாரும் இங்கயே இருந்துருவோமா?”

“சின்னம்மா, இது ரெண்டு பேர் ரூம்…”

“நாம என்ன வெளி ஆளாடா?”

பூபாலசிங்கம் வாசலில் தலையை நீட்டினார். முதன்முறையாக அவருடைய முகத்தில் நிம்மதி. ஒருவழியாக இந்தத் தம்பதி அவருக்குப் புரிகிற ஒன்றுக்கு வந்திருக்கிறது. “பாஸ்போட் அலுவலோ? முதலே சொல்லியிருக்கலாமே, தம்பி. நாலு மெத்தை தரலாம். பின்னுக்குக் குசினியும் கிடக்கு, பிள்ளை சமைக்கலாம்.”

பிள்ளை என்றது நிஷாந்தியை. அறையிலிருந்த அத்தனை முகங்களும் அன்போடு அவளை நோக்கித் திரும்பின. பழனியம்மா சாக்கின் வாயை அவிழ்க்கவே தொடங்கிவிட்டாள். “லீக்ஸ் இன்னைக்குக் காலையில புடுங்குனது. நிஷாந்தி கையால ஒரு பொரியல் வச்சா…”

கிருஷ்ணராஜ் மனைவியைக் கெஞ்சும் கண்ணோடு பார்த்தான். அந்தப் பார்வைக்கு ஏழு தட்டு என்று பொருள். காலைத் தேநீரும் ஏழு. அவளுடையதையும் சேர்த்து அவளே ஊற்ற வேண்டும்.

நிஷாந்தி அறையைச் சுற்றிப் பார்த்தாள். கொழும்பு மாநகரில் அவளிடமிருந்து ஒரு வாய்த் தண்ணீர் எதிர்பார்க்கக்கூடிய அத்தனை பேரும் இதோ, இந்த ஓர் அறைக்குள் இருந்தார்கள். அப்படியானால் கொட்டாஞ்சேனையில் எவரும் இல்லை. பதினொரு வருடத்தில் முதன்முறையாக அந்த வீட்டில் ஒரு பாய்கூட விரிக்கப்படவில்லை.

“அத்தை, ஏழு பேருக்கு எடம் காணாது” என்றாள் மென்மையாக. “நீங்க எல்லாரும் இங்க சௌகரியமா இருங்க. நான் வீட்டுக்குப் போயிர்றேன்.”

“ஐயோ, எங்களுக்காக ஒன் லீவையே விட்டுக் குடுக்கிறியே, தாயி!” பழனியம்மாவின் கண் கலங்கியது. மகளும் மூக்கை உறிஞ்சினாள். தியாகம் நடந்தேறும்போது சாட்சிகள் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டுமோ, அவ்வாறே நடந்துகொண்டார்கள்.

“அப்ப நானும் வர்றேன்” என்று கிருஷ்ணராஜ் பையைத் தேடினான்.

“நீங்க எப்படிங்க வருவீங்க? நாளைக்குப் பத்தரமுல்லை பாஸ்போர்ட்டு ஆபீசுக்கு எந்த பஸ், எங்க எறங்கணும்னு ஒங்களத் தவிர யாருக்குத் தெரியும்? ஆறு வாரம் படிச்சிருக்கீங்க.”

“சாப்பாடு?”

“அதான் குசினி இருக்காமே.”

வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். காலி வீதியில் புறக்கோட்டை பஸ்ஸில் யன்னலோர இடமே கிடைத்தது. எல்லோரும் அவளுக்கு எதிர்த்திசையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கொள்ளுப்பிட்டியைத் தாண்டும்போது கைபேசி ஒலித்தது.

“நிஷாந்தி, ஆறு பேருக்கு எத்தனை சுண்டு அரிசி போடணும்?”

“ரெண்டரை. புள்ளைங்க இருக்கு, கொஞ்சம் கொழைய வைங்க” என்று பெருந்தன்மையோடு சொல்லிவிட்டு, கைபேசியை முழுவதுமாக நிறுத்தினாள்.

கொட்டாஞ்சேனைச் சந்தியில் இறங்கியபோது நன்றாக இருட்டியிருந்தது. மீரா சாஹிப் நானாவின் சாப்பாட்டுக் கடையில் கொத்துரொட்டி வெட்டும் தகடு தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவளைக் கண்டதும் மனிதர் ரொட்டிகளை எண்ணி அடுக்கத் தொடங்கினார்.

“வாங்க தங்கச்சி. ஊரால ஆள் வந்திருக்கா? ஏழு பார்சலா, எட்டா?”

“ஒண்ணு, நானா.”

அவருடைய கை நின்றது. “ஒண்ணா?”

“ஒண்ணேதான். சீஸ் போட்டு, நல்லா ஒறைக்கிற மாதிரி.”